சப்டைட்டிலோடு வீடியோ பார்த்து ஜெர்மன் கற்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

மதுரையில் ஜெர்மன் படிக்கிறவர்களில் நிறையப் பேர் நர்ஸுகள். டியூட்டி முடிந்து வகுப்புக்குப் போய், வகுப்பு முடிந்து பஸ் பிடித்துத் திருமங்கலமோ மேலூரோ போய்ச் சேர்கிறவர்களிடம், "தினமும் ரெண்டு மணி நேரம் ஜெர்மன் சீரியல் பாருங்க, தானா வந்துரும்" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். அவர்களும் நம்பிப் பார்க்கிறார்கள். கே.கே.நகரில் வாரக்கடைசியில் நாங்கள் சேர்ந்து படிக்கிற இடத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் சொல்வது இதுதான்: "அக்கா, ரெண்டு சீசன் முடிச்சிட்டேன், கதை பூராத் தெரியும், ஆனா ஒரு வாக்கியம்கூட வாயில வரமாட்டேங்குது."

வராது. ஆங்கில சப்டைட்டிலைப் படித்துக்கொண்டே பார்த்தால் கண் மட்டும்தான் வேலை செய்கிறது. எழுத்து தெரிகிற இடத்தில் கண் எப்போதும் முந்திக்கொள்ளும், அர்த்தம் கிடைத்துவிட்டால் காதில் விழுந்த ஒலியை யாரும் பிடித்து வைத்துக்கொள்வதில்லை. வீடியோ பார்த்து மொழி கற்க முடியும், நன்றாகவே முடியும். ஆனால் எந்த நேரத்தில் எந்த சப்டைட்டில், எதை முதலில் அணைப்பது, எங்கே நிறுத்துவது என்ற வரிசை இருக்கிறது. அந்த வரிசையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். உதாரணங்கள் ஜெர்மன், கொரியனோ ஜப்பானியமோ படிக்கிறவர்களுக்கும் படிகள் இவையேதான், வீடியோ மட்டும் வேறு.

1. தொடங்கும் முன் தேவையானவை

ஜெர்மன் பாடநிலைகள் ஏ1, ஏ2, பி1, பி2 என்று ஏறிக்கொண்டே போகும். அதில் முதல் நிலையான ஏ1 பாடத்தில் பாதியாவது முடிந்திருக்க வேண்டும். எழுத்துகளின் ஒலி, எண்கள், சில நூறு சொற்கள், நிகழ்காலத்தில் வினைச்சொல் எப்படி மாறும் என்பது, இவ்வளவும் தெரிந்தால் போதும். இது ஏன் அவசியம் என்றால், ஒரு சப்டைட்டில் வரி திரையில் சில நொடிகள்தான் நிற்கும். எழுத்துக்கூட்டிப் படிக்கிற நிலையில் இருந்தால் வரி போய்விடும், நீங்கள் முதல் சொல்லிலேயே நிற்பீர்கள். ஒன்றுமே தெரியாமல் வீடியோவில் தொடங்கியவர்கள் பெரும்பாலும் இரண்டே வாரத்தில் விட்டுவிடுகிறார்கள்.

ஒயர் வைத்த இயர்போன் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், விலை குறைந்தது போதும். போன் ஸ்பீக்கரில் ஃப, ஸ, ஷ மாதிரியான மெல்லிய ஒலிகள் அடிபட்டுப் போகும், அதுவும் மேலே மின்விசிறி ஓடுகிற அறையில் கேட்கவே கேட்காது. ஜெர்மனில் அந்த ஒலிகள்தான் ஒரு சொல்லை இன்னொன்றிலிருந்து பிரிக்கின்றன.

லேப்டாப் இருந்தால் நல்லது. நினைத்த இடத்தில் நிறுத்தவும், ஐந்து நொடி பின்னால் போகவும் விசைப்பலகைதான் வசதி. போன் மட்டும்தான் இருக்கிறது என்றாலும் செய்யலாம், கொஞ்சம் பொறுமை கூடுதலாக வேண்டும்.

நெட்டைப் பொறுத்தவரை, ஒரே துண்டைத் திரும்பத் திரும்பப் பார்க்கப் போகிறீர்கள் என்பதால் டவுன்லோடு செய்து வைத்துக்கொள்வதே சரி. 480பி தரம் தாராளம். தினசரி டேட்டா இரவு எட்டு மணிக்கே தீர்ந்துபோய் அன்றைய பாடம் நின்றுபோவது இங்கே சாதாரணமாக நடக்கிறது.

நேரம், ஒரு நாளைக்கு அரை மணி. நைட் டியூட்டி முடித்து வந்த காலையில் வேண்டாம். தூங்கி எழுந்து சாப்பிட்ட பிறகு உட்காருங்கள். களைப்பாக இருக்கும்போது கண் தானாக ஆங்கில வரிக்கு ஓடும்.

2. வீடியோவைத் தேர்ந்தெடுப்பது

அதிகம் பேர் தடுக்கி விழுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

முதல் விதி: வீடியோ முதலிலிருந்தே ஜெர்மனில் எடுக்கப்பட்டதாக இருக்க வேண்டும், டப்பிங் கூடாது. ஆங்கிலப் படத்துக்கோ கொரியத் தொடருக்கோ ஜெர்மன் ஒலியும் ஜெர்மன் சப்டைட்டிலும் போட்டுப் பார்த்தால் இரண்டும் பொருந்தாது. டப்பிங் வசனத்தை எழுதுகிறவர் நடிகரின் வாயசைவுக்கு ஏற்ற சொல்லைத் தேடுகிறார், சப்டைட்டில் எழுதுகிறவர் இடத்துக்கும் படிக்கிற வேகத்துக்கும் ஏற்றபடி சுருக்குகிறார். இரண்டும் தனித்தனி மொழிபெயர்ப்புகள். காது ஒன்று கேட்கும், கண் வேறொன்று படிக்கும், புதிதாகப் படிக்கிறவர் தனக்குத்தான் கேட்கத் தெரியவில்லை என்று முடிவுகட்டிவிடுவார்.

ஜெர்மன் படைப்பிலும்கூட சப்டைட்டில் இரண்டு வகை. காது கேளாதவர்களுக்காகச் செய்தது பெரும்பாலும் பேச்சோடு நெருங்கி வரும். மற்ற வகை சுருக்கியது. நெட்ஃப்ளிக்ஸ் தன் சப்டைட்டில்காரர்களுக்கு வைத்திருக்கும் வரம்பே இரண்டு வரி, வரிக்கு 42 எழுத்து, அதிகபட்சம் 7 நொடி என்பதுதான். வேகமாகப் பேசுகிற காட்சியில் எதையாவது வெட்டித்தான் ஆக வேண்டும். பட்டியலில் 'சிசி' என்று போட்டிருந்தால் அது காது கேளாதவர்களுக்கான வகை, அதையே எடுங்கள்.

யூடியூபில் இன்னொரு சிக்கல். சப்டைட்டில் பட்டியலில் ஜெர்மன் என்று இருந்தாலும், பக்கத்தில் தானாக உருவாக்கியது என்று குறிப்பு இருந்தால் அது இயந்திரம் கேட்டு எழுதியது. பெயர்கள் தப்பும், வாக்கியம் எங்கே முடிகிறது என்பதும் பல நேரம் தெரியாது. பி1 தாண்டியவர்கள் அதைத் திருத்திக்கொண்டே படிக்கலாம். தொடக்கத்தில் வேண்டவே வேண்டாம், தப்பைப் பாடமாக மனப்பாடம் செய்துவிடுவீர்கள்.

சோதிக்கிற வழி எளிது. வீடியோவின் நடுவில் ஏதாவது ஒரு நிமிடத்தை ஓடவிடுங்கள். காதில் விழுகிற சொற்கள் திரையில் அதே வரிசையில் வருகின்றனவா? அந்த நிமிடத்தில் பத்துச் சொல்லுக்கு ஏழெட்டு ஏற்கெனவே தெரிந்தவையா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் எடுத்துக்கொள்ளுங்கள். பாதிச் சொல் தெரியாத வீடியோவில் ஒவ்வொரு வரியிலும் அகராதியைத் திறக்க வேண்டியிருக்கும், பேச்சின் ஓட்டம் காதுக்குள் இறங்காது.

எங்கே தொடங்கலாம் என்றால், டாய்ச்ச வெல்லெ என்ற ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனத்தின் தளத்தில் 'நிகோஸ் வேக்' என்ற இலவசப் பாடத்தொடர் ஏ1 முதல் பி1 வரை இருக்கிறது. ஸ்பெயினிலிருந்து ஜெர்மனிக்கு வந்து இறங்கும் இளைஞன் ஒருவனின் கதையைச் சின்னச் சின்னக் காட்சிகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் பயிற்சி வைத்திருக்கிறார்கள். பேச்சு தெளிவாகவும் நிதானமாகவும் இருக்கும். ஏ2 வந்தவர்கள் யூடியூபில் 'ஈஸி ஜெர்மன்' பார்க்கலாம். தெருவில் போகிறவர்களிடம் மைக்கை நீட்டிப் பேட்டி எடுப்பார்கள், அதனால் மனிதர்கள் உண்மையில் எப்படிப் பேசுகிறார்கள் என்பது கேட்கும். அதில் ஜெர்மன், ஆங்கிலம் இரண்டும் படத்தோடு சேர்ந்தே பதிந்திருக்கும், அணைக்க முடியாது. அதற்கு என்ன செய்வது என்று அடுத்த பகுதியில் சொல்கிறேன்.

தவிர்க்க வேண்டியவை: பாட்டு, கிசுகிசுப்பாகப் பேசும் போலீஸ் தொடர், சரித்திரக் கதை, மேடை நகைச்சுவை. செய்தியையும் தொடக்கத்தில் தள்ளி வையுங்கள். செய்தி வாசிப்பவர் தெளிவாகப் பேசினாலும் அந்த வாக்கியங்கள் எழுதுவதற்கானவை, நீளமானவை, நீங்கள் வார்டில் ஒரு நோயாளியிடம் பேசப் போகிற எதுவும் அதில் கிடைக்காது. பவேரியா, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்துப் பேச்சு வருகிற தொடர்களையும் பி2 வரை தொட வேண்டாம். தமிழ் கற்க வந்த வெளிநாட்டுக்காரரை முதல் நாளே உசிலம்பட்டிச் சந்தைக்குள் இறக்கிவிட்டால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும்.

3. சப்டைட்டிலைச் சரிசெய்து வைப்பது

படிக்க உட்காரும் முன்பே இதை முடித்துவிடுங்கள். நடுவில் செட்டிங்ஸைத் தோண்ட ஆரம்பித்தால் அரை மணியில் பாதி அதிலேயே போய்விடும்.

யூடியூபை லேப்டாப்பில் பார்த்தால் 'சி' விசை சப்டைட்டிலைப் போடும், அணைக்கும். இடது அம்புக்குறி 5 நொடி பின்னால் போகும், 'ஜெ' விசை 10 நொடி. இந்த மூன்றும் விரலுக்குப் பழகிவிட்டால் போதும்.

படத்தோடு பதிந்த ஆங்கில வரிக்கு மருந்து, பழைய நாள்காட்டித் தாள். நீளமாக மடித்துத் திரையின் அடியில் ஆங்கில வரியை மட்டும் மறைக்கிற மாதிரி செருகி வையுங்கள். தேவைப்படும்போது தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மூடலாம். பார்க்க மாட்டேன் என்று மனதைக் கட்டுப்படுத்திக்கொண்டே உட்காருவது நடக்காது, எழுத்து இருந்தால் கண் படித்தே தீரும்.

குரோம் பிரவுசரில் 'லாங்குவேஜ் ரியாக்டர்' என்ற இணைப்பு (எக்ஸ்டென்ஷன்) இருக்கிறது. யூடியூப், நெட்ஃப்ளிக்ஸ் இரண்டிலும் இரண்டு மொழி வரிகளையும் ஒன்றாகக் காட்டும், ஒவ்வொரு வரியாக முன்னும் பின்னும் தாவலாம். வரிவரியாகத் தாவும் வசதிக்காகவே இதைப் பரிந்துரைக்கிறேன். இரண்டு வரியையும் எப்போதும் திறந்து வைத்திருப்பதை மட்டும் பரிந்துரைக்க மாட்டேன், மொழிபெயர்ப்பு வரியை மறைத்து வையுங்கள்.

டவுன்லோடு செய்த வீடியோவுக்கு விஎல்சி பிளேயர். சப்டைட்டில் கோப்புக்கும் வீடியோவுக்கும் ஒரே பெயர் வைத்து ஒரே ஃபோல்டரில் போட்டால் தானாக எடுத்துக்கொள்ளும். எழுத்து பேச்சுக்கு முன்பே வந்தால் 'ஹெச்' விசை, தாமதமாக வந்தால் 'ஜி' விசை, ஒவ்வொரு அழுத்தத்துக்கும் 50 மில்லி நொடி நகரும். தொடக்கத்தில் சரியாக இருந்து போகப் போக விலகிக்கொண்டே போனால் அந்த விசைகளால் பயனில்லை. நொடிக்கு 24 படம் ஓடும் பதிப்புக்குச் செய்த சப்டைட்டிலை 25 படம் ஓடும் பதிப்போடு சேர்த்திருப்பார்கள்; ஒன்றரை மணி நேரப் படத்தில் அது மூன்று நிமிடத்துக்கு மேல் விலகிவிடும். வேறு கோப்பைத் தேடுங்கள்.

ஜெர்மன் எழுத்துகளில் மேலே புள்ளி வைத்தவை மட்டும் வேறு வேறு குறிகளாகத் தெரிந்தால், சப்டைட்டில் அமைப்பில் எழுத்துக் குறியீட்டை யூடிஎஃப்-8 என்று மாற்றிப் பாருங்கள்.

4. இரண்டு நிமிடமாக வெட்டிக்கொள்வது

முழு எபிசோடை எடுக்காதீர்கள். ஒரு நாளைக்கு இரண்டு நிமிடத் துண்டு ஒன்று போதும், பி1க்கு மேலே போனவர்களுக்கு மூன்று நிமிடம். காட்சி தொடங்கி முடிகிற இடமாகப் பார்த்து வெட்டுங்கள். ஒருவர் கடைக்குள் நுழைந்து, வாங்கி, காசு கொடுத்து வெளியே வருவது மாதிரி. முன்பின் தெரிந்தால்தான் தெரியாத சொல்லை ஊகிக்க முடியும்.

இரண்டு நிமிடமா என்று எல்லோரும் முகம் சுளிக்கிறார்கள். கீழே சொல்லப்போகிற ஐந்து சுற்றையும் ஒழுங்காகச் செய்தால் இரண்டு நிமிடத் துண்டுக்கே அரை மணி ஆகிவிடும். விஎல்சியில் ஒரு தொடக்கப் புள்ளியும் ஒரு முடிவுப் புள்ளியும் குறித்துவிட்டால் அந்தத் துண்டு மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும், அந்த வசதியைப் பயன்படுத்துங்கள்.

5. ஐந்து சுற்று

வரிசையை மாற்றாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது.

முதல் சுற்று, சப்டைட்டில் இல்லாமல். எத்தனை பேர் பேசுகிறார்கள், எங்கே இருக்கிறார்கள், கோபமா சமாதானமா, எந்தெந்தச் சொல் காதில் தனியாக விழுந்தது, அவ்வளவுதான். புரியாது, பரவாயில்லை. காது முதலில் முயன்று பார்த்துத் தோற்ற இடங்கள்தான் பிறகு எழுத்தைப் பார்க்கும்போது "ஓ, இதுவா" என்று பிடிபடும். எழுத்தை முதலில் பார்த்துவிட்டால் எல்லாமே கேட்கிற மாதிரி ஒரு பிரமை வரும், உண்மையில் எது கேட்கிறது, எது கேட்கவில்லை என்பது தெரியாமலே போய்விடும்.

இரண்டாவது சுற்று, அர்த்தத்துக்காக ஆங்கில சப்டைட்டில், ஒரே ஒரு முறை, நிறுத்தாமல். நல்ல தமிழ் சப்டைட்டில் கிடைத்தால் அதுவே மேல், ஆனால் ஜெர்மன் வீடியோக்களுக்கு அது கிடைப்பது அரிது. யூடியூப் தானாக மொழிபெயர்த்துத் தரும் தமிழை நம்ப வேண்டாம், வாக்கியம் பல இடங்களில் தலைகீழாகிவிடும். ஆங்கிலத்தைப் படிக்கும்போது ஒன்றை மனதில் வையுங்கள். நமக்கு நீ, நீங்கள் என்று இருப்பது போல ஜெர்மனிலும் டு, ஸீ என்று இரண்டு உண்டு. ஆங்கிலம் இரண்டையும் ஒன்றாக்கிவிடும். டாக்டரிடமும் நோயாளியிடமும் ஸீ போட்டுப் பேச வேண்டியவர்கள் ஆங்கில வரியை மட்டும் பார்த்துப் பழகினால் யாரிடம் எது என்பதே காதில் ஏறாது. ஜெர்மன் ஒலியில் அதைத் தேடிக் கேளுங்கள், தமிழ்க்காரர்களுக்கு இது சட்டென்று பிடிபடும்.

மூன்றாவது சுற்று, ஜெர்மன் சப்டைட்டில், வரிவரியாக நிறுத்தி. பாடம் உண்மையில் நடப்பது இங்கேதான், நேரத்தில் பெரும்பகுதியும் இதற்கே. வரி ஓடும்போது கண்ணைத் திரையின் மேல் பகுதியில், பேசுகிறவர் முகத்தில் வையுங்கள். வாக்கியம் முடிந்ததும் நிறுத்துங்கள். கேட்டதை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். அப்புறம் கீழே எழுத்தைப் பாருங்கள். கேட்டதும் எழுதியிருப்பதும் எங்கே வேறுபடுகிறதோ அங்கே ஐந்து நொடி பின்னால் போய் மறுபடி கேளுங்கள், எழுத்தில் இருப்பது காதில் விழுகிற வரை. நான்கைந்து முறை கேட்டும் விழவில்லையென்றால் விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள், நாளைக்கு விழும்.

இந்தச் சுற்றில் வேகத்தை 0.75 ஆக்கலாம். 0.5 வேண்டாம், ஒலி இழுபட்டுச் சிதைந்துவிடும், அப்படி யாரும் பேசுவதில்லை.

நான்காவது சுற்று, ஜெர்மன் சப்டைட்டில், நிறுத்தாமல், இயல்பான வேகத்தில். தனித்தனியாகப் பிரித்துப் பார்த்ததைக் காது மறுபடி ஒரே ஓட்டமாகச் சேர்த்துக்கொள்ள இது தேவை.

ஐந்தாவது சுற்று, சப்டைட்டில் இல்லாமல். முதல் சுற்றில் இரைச்சலாகக் கேட்டது இப்போது சொற்களாகக் கேட்கும். மறுநாள் புதுத் துண்டைத் தொடும் முன், முந்தின நாள் துண்டை இதே மாதிரி சப்டைட்டில் இல்லாமல் ஒருமுறை கேட்டுவிடுங்கள். பஸ்ஸில் வரும்போது ஒலியை மட்டும் கேட்டாலும் போதும்.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் மூன்றாவதில் நேரம் போய்விட்டது என்று கடைசி இரண்டையும் விட்டுவிடுகிறார்கள். நேரம் இல்லையென்றால் துண்டை ஒரு நிமிடமாகக் குறையுங்கள், சுற்றைக் குறைக்காதீர்கள்.

6. நிறுத்திய வரியில் எதைப் பார்ப்பது

நிறுத்திவிட்டு வெறுமனே முறைத்துக்கொண்டிருந்தால் பயனில்லை. ஜெர்மன் வரியில் தேட வேண்டியவை இவை.

பெயர்ச்சொல் எல்லாவற்றுக்கும் முதல் எழுத்து பெரிதாக இருக்கும், வாக்கியத்தின் நடுவில் வந்தாலும். இது சப்டைட்டில் படிக்கிறவருக்குப் பெரிய உதவி. தெரியாத வரியில் முதலில் பெரிய எழுத்துச் சொற்களைப் பிடியுங்கள், எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பது கிடைத்துவிடும்.

அடுத்து, பிரிந்து போகும் வினைச்சொல். 'இஷ் ரூஃபெ டிஷ் மோர்கன் ஆன்' என்றால் நாளைக்கு உனக்கு போன் செய்கிறேன் என்று பொருள். அதில் கடைசியில் நிற்கிற 'ஆன்' வினையின் ஒரு துண்டு. அது இல்லாவிட்டால் ரூஃபெ என்பது வெறும் 'கூப்பிடுகிறேன்' ஆகிவிடும். வாக்கியம் நீளமாக இருந்தால் சப்டைட்டிலில் அந்தத் துண்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறது, முதல் வரியிலேயே நிறுத்துகிறவர்கள் அதைத் தவறவிட்டுத் தப்பான அர்த்தத்தை எழுதி வைக்கிறார்கள். அதனால் நிறுத்துவது சப்டைட்டில் மாறும் இடத்தில் அல்ல, முற்றுப்புள்ளியில்.

'வைல்' (ஏனென்றால்), 'டாஸ்' (என்று) என்று தொடங்கும் துணை வாக்கியங்களில் வினை கடைசிக்குப் போகும். 'வைல் இஷ் ஹோய்ட்டெ நாஹ்ட்டீன்ஸ்ட் ஹாபெ', இன்று எனக்கு நைட் டியூட்டி இருப்பதால். ஆங்கிலம் வழியாக ஜெர்மன் படிக்கிறவர்கள் இங்கே தடுமாறுவார்கள். நமக்கு வினை கடைசியில் வருவது பிறந்ததிலிருந்து பழக்கம். ஆங்கிலத்தைத் தாண்டி நேராகத் தமிழோடு பொருத்திப் பாருங்கள், இந்த இடம் எளிதாகிவிடும்.

பேச்சில் தேய்ந்த வடிவங்களைக் கவனியுங்கள். திரையில் 'நிஷ்ட்' என்று இருக்கும், வாயில் 'நிஷ்' என்றுதான் வரும். 'இஸ்ட்' என்பது 'இஸ்' ஆகிவிடும். 'ஐன்' என்பது வெறும் 'ன்' ஆகி முந்தின சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். கேட்கவில்லை என்று சொல்கிறவர்களுக்குப் பல நேரம் காது கோளாறில்லை, எழுத்தில் இருப்பது முழுதாக ஒலிக்கும் என்று எதிர்பார்ப்பதுதான் காரணம்.

எண்கள் வந்தால் எழுத்தை மூடிவிடுங்கள். சப்டைட்டில் பெரும்பாலும் 25 என்று இலக்கத்தில் போட்டுவிடும், நீங்களும் ஆங்கிலத்தில் படித்துவிட்டுப் போய்விடுவீர்கள். ஜெர்மனில் அது ஐந்தும் இருபதும் என்ற வரிசை. மணி சொல்வதும் அப்படித்தான், 'ஹால்ப் ட்ரை' என்றால் இரண்டரை, மூன்றரை அல்ல. மருந்து கொடுக்கிற நேரத்தைக் கேட்டுக் குறிக்கப் போகிறவர்கள் இதில் ஒரு மணி நேரம் தப்பக் கூடாது. எண் வருகிற ஒவ்வொரு இடத்திலும் காதால் கேட்டுக் கையால் எழுதி, பிறகு திரையோடு சரிபாருங்கள்.

7. நோட்டில் என்ன எழுதுவது

தனிச் சொல் எழுதாதீர்கள், முழு வாக்கியமாக எழுதுங்கள். ஒரு நாளைக்கு நாலைந்து வாக்கியம் போதும். நீங்களே நாளைக்குச் சொல்லக்கூடிய வாக்கியமாகப் பார்த்து எடுங்கள். தனிச் சொல்லாக எழுதினால் அதற்கு முன்னால் பால் காட்டும் டெர் வருமா, டீ வருமா, டாஸ் வருமா என்பது தெரியாது, எந்த வினையோடு சேரும் என்பதும் தெரியாது. வாக்கியத்தில் இவை எல்லாம் சேர்ந்தே வந்துவிடும்.

உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் குறிக்கும் பழக்கத்தை இன்றே நிறுத்துங்கள். இந்தக் கட்டுரையில் வேறு வழியில்லாமல் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன், நோட்டில் ஜெர்மன் எழுத்திலேயே எழுத வேண்டும். நமக்கு 'ப' ஒன்றுதான், 'ட' ஒன்றுதான். அழுத்தியும் மென்மையாகவும் ஒலிப்பதை எழுத்து பிரிக்காது. பேக் செய்வதற்கும் அடுப்பில் சுடுவதற்கும் ஜெர்மனில் இருக்கும் சொற்கள் தமிழில் எழுதினால் இரண்டுமே 'பக்கன்'. நன்றி சொல்வதும் வண்டிக்குப் பெட்ரோல் போடுவதும் இரண்டுமே 'டாங்கன்'. தமிழில் எழுதி மனப்பாடம் செய்தவர்களுக்கு இந்த வித்தியாசம் வாயில் மட்டுமல்ல, காதிலும் மறைந்துபோகிறது.

அங்கி என்ற செயலி கம்ப்யூட்டரிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், எழுதிய வாக்கியங்களை அதில் ஏற்றினால் மறக்கப்போகிற நேரத்தில் திரும்பக் காட்டும். அட்டையின் முன்பக்கம் ஒலி, பின்பக்கம் எழுத்து என்று வையுங்கள். நோட்டு மட்டுமே பிடிக்கும் என்றால் ஞாயிற்றுக்கிழமை அந்த வாரத்து வாக்கியங்களை மூடி வைத்துச் சொல்லிப் பாருங்கள், போதும்.

8. வாய்விட்டுச் சொல்வது

ஐந்து சுற்றும் முடிந்த துண்டில் ஒரே ஒருவரின் வசனத்தை எடுத்து, அவரோடு கூடவே, அரை நொடி பின்னால் ஒட்டிக்கொண்டு சொல்லுங்கள். முதலில் எழுத்தைப் பார்த்து, அப்புறம் பார்க்காமல். சத்தமாகச் சொல்ல வேண்டும். ஹாஸ்டலில் இருப்பவர்கள் கூச்சப்பட்டு முணுமுணுக்கிறார்கள், முணுமுணுத்தால் உதடு சரியான வடிவத்துக்குப் போகாது. மொட்டை மாடிக்குப் போய்விடுங்கள்.

புள்ளி வைத்த 'யு'வுக்கு, வாய்க்குள் 'ஈ' சொல்லிக்கொண்டே உதட்டை மட்டும் 'ஊ' மாதிரி குவியுங்கள். புள்ளி வைத்த 'ஓ'வுக்கு, 'ஏ' சொல்லிக்கொண்டே உதட்டை 'ஓ' மாதிரி. நாக்கை நகர்த்தாமல் உதட்டை மட்டும் நகர்த்துவதுதான் சூட்சுமம். பேசுகிறவர் முகம் அருகில் தெரிகிற காட்சியில் அவர் உதட்டைப் பார்த்துச் செய்யுங்கள், வெறும் ஒலிப்பதிவில் இந்த வசதி கிடையாது.

உங்கள் குரலை போனில் பதிந்து, மூல வசனத்தை அடுத்து உடனே போட்டுக் கேளுங்கள். எந்தச் சொல்லில் அவர் அழுத்துகிறார், எங்கே குரல் இறங்குகிறது என்பதை ஒப்பிட்டால் போதும். தமிழில் நாம் சொல்லுக்குச் சொல் ஏறக்குறைய ஒரே அழுத்தத்தில் பேசுவோம், அதையே ஜெர்மனுக்குக் கொண்டுபோனால் எதிரில் இருப்பவருக்கு எது முக்கியமான சொல் என்று பிடிபடாது.

9. சப்டைட்டிலை எப்போது அணைப்பது

ஆங்கில சப்டைட்டிலை ஏ2 முடிகிறபோது எடுத்துவிடுங்கள். அதன் பிறகு இரண்டாவது சுற்றிலும் ஜெர்மன்தான், புரியாத சொல்லை மட்டும் அகராதியில் பார்த்தால் போதும். கஷ்டமாக இருக்கும், சில வாரம் வேகம் குறையும், ஆனாலும் எடுத்தாக வேண்டும். பி1 வந்த பிறகும் ஆங்கிலத்தை விடாதவர்களுக்கு ஒவ்வொரு வாக்கியமும் ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டுதான் மனதுக்கு வருகிறது, பதில் சொல்ல வாய் திறப்பதற்குள் எதிரில் இருப்பவர் அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்.

ஜெர்மன் சப்டைட்டிலைப் பி1இல் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். முதல் இரண்டு சுற்றும் சப்டைட்டில் இல்லாமல், மூன்றாவதில் காதில் விழாத வரிக்கு மட்டும் எழுத்து. தேர்வு எழுதப் போகிறவர்களுக்கு இது கட்டாயம். கோதே நிறுவனத்தின் பி1 கேட்டல் தேர்வு 40 நிமிடம், நான்கு பகுதி. முதலாவதும் நான்காவதும் இருமுறை ஒலிக்கும், நடுவில் உள்ள இரண்டும் ஒரே ஒரு முறைதான். தேர்ச்சிக்கு 100க்கு 60 வேண்டும். சப்டைட்டிலோடு மட்டுமே பழகியவர்கள் அந்த ஒரு முறைப் பகுதிகளில்தான் மதிப்பெண்ணை விடுகிறார்கள். தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே வாரத்தில் ஒரு நாளாவது புதுத் துண்டை ஒரே முறை கேட்டு, கேட்டதைத் தமிழிலாவது எழுதிப் பாருங்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இந்த முறை காதையும் உச்சரிப்பையும் வாக்கிய ஓட்டத்தையும்தான் வளர்க்கும். கடிதம் எழுத வராது, எதிர்பாராத கேள்விக்குப் பதில் சொல்லவும் தானாக வராது. அதற்கு எழுதித் திருத்தி வாங்க ஓர் ஆசிரியரும், வாரம் ஒருமுறையாவது பேச ஒரு ஆளும் வேண்டும். செவிலியர் வேலைக்கான அங்கீகாரத்துக்குப் பொதுவாக பி2 கேட்கிறார்கள், வீடியோவை மட்டும் வைத்து அங்கே போய்ச் சேர முடியாது. வகுப்பை நிறுத்திவிட்டு இதில் இறங்காதீர்கள்.

10. மாதம் ஒருமுறை சோதித்துப் பார்ப்பது

மாதக் கடைசியில் இதுவரை பார்க்காத இரண்டு நிமிடத் துண்டை, நீங்கள் படிக்கிற அதே நிலையில் உள்ளதாக எடுத்துக்கொள்ளுங்கள். சப்டைட்டில் இல்லாமல் இருமுறை கேளுங்கள். கேட்டதை வரிவரியாக ஜெர்மனிலேயே எழுதுங்கள், தெரியாத இடத்தில் கோடு போட்டுவிட்டுப் போங்கள். அப்புறம் சப்டைட்டிலைப் போட்டுத் திருத்துங்கள்.

கோடு விழுந்த இடங்களைப் பார்த்தால் அடுத்த மாதம் என்ன செய்வது என்பது தெரிந்துவிடும். தெரியாத சொற்களாலேயே கோடு விழுந்திருந்தால் நோட்டு வேலையைக் கூட்டுங்கள். தெரிந்த சொற்களையே தவறவிட்டிருந்தால் மூன்றாவது சுற்றுக்கு நேரத்தைக் கூட்டுங்கள், வீடியோவை மாற்றாதீர்கள். எண்ணிலும் மணியிலும் கோடு என்றால் ஒரு வாரம் அவை மட்டும் வருகிற துண்டுகளை எடுங்கள். ரயில் நிலையம், கடை, டாக்டரிடம் நேரம் கேட்பது மாதிரியான காட்சிகளில் நிறையக் கிடைக்கும். கோடு மிகக் குறைவாக இருந்தால் அடுத்த நிலைக்குப் போகலாம், புதுத் தொடரின் முதல் வாரம் மட்டும் துண்டை ஒரு நிமிடமாக வைத்துக்கொள்ளுங்கள், புதுக் குரல்கள் காதுக்குப் பழக அவ்வளவு நாள் எடுக்கும்.